குங்குமப்பூ டின்னுக்கு ஓட்டை போட வேண்டுமா?

நம் கடையின் புக்கிட் பெருந்துங் புதுக் கிளையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு இரண்டு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டார். இரண்டு வார்த்தையில் முடிக்க எனக்கு வராது. நாற்பது வருடம் வாசனைச் சரக்குக் கடையில் நின்று பேசியே பிழைத்தவன் நான். ஆகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன வாரம் உங்கள் கிளைக்கு வந்திருந்தேன். குங்குமப்பூவைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கண்ணாடி அலமாரியில் பூட்டி, மேலே ஒரு விளக்கு வேறு எரியவிட்டிருந்தீர்கள். அங்கே நின்ற தங்கச்சியிடம், "இது எதுக்கும்மா?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். "அங்கிள், பிரெக்னன்ட் லேடிஸ் பால்ல போட்டுக் குடிப்பாங்க. பேபி ஃபேரா வரும்லா," என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே பதிலை அதே சிரிப்போடு நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான்.

அது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலம். எனக்கு இருபத்திரண்டு வயது. கோல சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு சரக்குக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மிளகு, மல்லி, சீரகம், இன்னொரு பக்கம் அரிசி, பால் டின், மத்தி மீன் டின். ரப்பர் தோட்டத்துச் சனங்கள் பஸ் ஏறி வந்து வாங்கிப் போவார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரசாங்கம் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் கேட், கேட்டில் மாத்தா. போலீஸ்காரரை அப்போது நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம்.

சட்டங்களிலேயே எங்கள் கடையைப் பாடாய்ப் படுத்தியது டின் சட்டம். டின்னில் அடைத்த எந்தச் சாப்பாட்டுப் பொருளை விற்றாலும், விற்கும் இடத்திலேயே, வாங்குபவர் கண் முன்னாலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின்னைக் காட்டில் சேர்த்து வைக்க முடியாது, இரண்டு நாளில் கெட்டுவிடும் என்பது கணக்கு. அதற்காக எங்கள் கடையில் ஒரு மரக்கட்டையில் பெரிய ஆணி அடித்து வைத்திருந்தோம். டின்னை வைத்து ஒரு தட்டு, முடிந்தது. பால் டின் வாங்கிய அம்மாக்கள் சட்டையெல்லாம் பால் ஒழுக பஸ்ஸில் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் எறும்பு டிக்கெட் எடுக்காமல் போகும்.

எனக்கு அந்த ஆணி மேல் அப்படி ஒரு பிரியம். காரணம் பயம்தான். பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஒருவர் மறதியாக ஓட்டை போடாமல் ஒரு மீன் டின்னைக் கொடுத்து, பத்து நாள் கடையை அடைக்க வேண்டி வந்தது. அதைப் பார்த்த பிறகு, கையில் கிடைத்த டின்னையெல்லாம் குத்தினேன். ஷூ பாலிஷ் டின்னைக்கூட ஒரு தடவை குத்தியிருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். அவர் வயதானவர், தென்னாட்டு முஸ்லிம், சரக்கை மோந்து பார்த்தே எந்த ஊர் மிளகு என்று சொல்லக்கூடியவர். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருவர் வந்து பிரியாணிக்குக் குங்குமப்பூ கேட்டார். இரும்புப் பெட்டிக்குள் கால் தோலா டின்கள் அடுக்கியிருந்தன. நம் இரண்டு மோதிரம் சேர்ந்த எடைகூட வராது. பம்பாயிலிருந்து கப்பலில் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வருவது. ஒன்றை எடுத்தேன், கட்டையில் வைத்தேன், ஆணி மேல் ஒரே தட்டு.

வாங்க வந்தவர் அலறிவிட்டார். "என்னப்பா இப்படிச் செஞ்சிட்டே!" என்று சொல்லிவிட்டு, வாங்காமலேயே போய்விட்டார். முதலாளி திரும்பி வந்தபோது நான் அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடற்கரை ஊர், மழைக்காலம், காற்றெல்லாம் ஈரம். குங்குமப்பூவுக்கு ஈரம் பட்டால் முதலில் வாசனை போகும், பிறகு பூசணம் வரும். அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

முதலாளி டின்னை வாங்கி ஓட்டையை மூக்கருகே வைத்து நிதானமாக ஓர் இழுப்பு இழுத்தார். "மாஷா அல்லா. இத்தன வருசத்துல காசு வாங்காம வாசனைய வித்தவன் நீதான்டா," என்றார். பிறகு டின்னைப் பிரித்து, கண்ணாடிப் புட்டியில் கொட்டி, தக்கை போட்டு மெழுகு ஊற்றினார். திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் பெயர் போய்விட்டது. "ஓட்டை, அந்த மல்லி மூட்டையப் பிரி. ஓட்டை, டீ வாங்கிட்டு வா." கடைத்தெரு முழுக்க நான் ஓட்டையாகிவிட்டேன்.

அன்று கடைசியாக ஒன்று சொன்னார். "குங்குமப்பூ சாப்பாட்டுச் சாமான் இல்லடா. இதைத் தின்னு எவனுக்கு வயிறு ரொம்பப் போவுது? இதைப் போய் ஏன் குத்துறே?" நான் அதை மனப்பாடம் செய்துகொண்டேன். குங்குமப்பூ சாப்பாடு இல்லை, குத்தக் கூடாது. இப்படித்தான் தம்பிகளே, ஒரு தப்பிலிருந்து தப்பிப்பதற்காக அடுத்த தப்புக்கு அடிக்கல் நாட்டுவது.

அதற்குப் பிறகு குங்குமப்பூ மேல் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது. முதலாளியைக் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். காஷ்மீரிலும் ஸ்பெயினிலும் குளிர் தொடங்கும்போது பூக்குமாம். வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு, ஊதா நிறத்தில் பூ. வெயில் ஏறுவதற்கு முன் பறித்துவிட வேண்டும். ஒரு பூவுக்குள் மூன்றே மூன்று சிவப்பு இழை. அதைக் கையால் கிள்ளி உலர்த்த வேண்டும். ஒரு தோலா சேர்க்க ஆயிரத்துக்கும் மேலே பூ வேண்டும் என்று கேட்டபோது, நான் கையில் வைத்திருந்த டின்னைப் பயபக்தியோடு கீழே வைத்துவிட்டேன். நல்லது எது, போலி எது என்றும் காட்டினார். வெந்நீரில் போட்டால் நல்ல இழை சாவகாசமாக மஞ்சள் விடும், தான் சிவப்பாகவே இருக்கும். சாயம் ஏற்றிய சோள நார் அவசர அவசரமாகச் சிவந்துவிட்டு வெளுத்துப் போகும். இதெல்லாம் தெரிந்த பிறகு, கோல சிலாங்கூரில் என்னைவிட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு உச்சியில் இருந்த ஒரு சனிக்கிழமைதான் ஆரோக்கியம் அண்ணன் கடைக்கு வந்தார். புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தமே வராமல் பேசுவார். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து மனைவி ரோசம்மா உண்டாகியிருந்தார். அவர்கள் வேதக்காரர்கள். ஆனால் லயத்தில் கோயிலுக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து, பத்து வருடம் கழித்து வருகிற பிள்ளை, குங்குமப்பூ இல்லாமல் வரலாமா என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவரை அனுப்பியிருந்தார்கள்.

கால் தோலா டின்னை எடுத்து வைத்தேன். "பால்ல நாலு இழை போட்டுக் குடுங்கண்ணே. பிள்ளை தங்கமாட்டம் வரும்," என்றேன்.

அவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுக்கு ஓட்டை போட வேணாமா?"

"அதெல்லாம் சாப்பாட்டுச் சாமானுக்குண்ணே. இது சாப்பாடு இல்லே."

"கேட்ல கேப்பாங்களே?"

"கேட்டா, ஓட்டைத் தம்பி சொன்னான்னு சொல்லுங்கண்ணே. ஒண்ணும் ஆவாது."

அவர் இரண்டு தடவை கேட்டார் என்பதைக் கவனியுங்கள். எனக்கு இரண்டு தடவையும் சிரிப்புதான் வந்தது.

மூன்று மணி இருக்கும். அந்தத் தோட்டத்து லோரி டிரைவர் கடை வாசலில் வந்து நின்று கத்தினார். "ஓட்டை! ஆரோக்கியத்தைக் கேட்ல புடிச்சு வச்சிருக்காங்க. ஓட்டை போடாத டின் வச்சிருந்தானாம். இன்ஸ்பெக்டரே வந்திருக்காரு. அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறாங்களாம்!"

இப்போது உங்களுக்கு இதன் கனம் தெரியாது. அந்தக் காலத்தில் காட்டுக்குச் சாப்பாடு கடத்தினான் என்று ஒருவனை உள்ளே கொண்டுபோனால், எப்போது வெளியே வருவான் என்று கேட்கக்கூட ஆளில்லை. விசாரணை இல்லாமலே மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண் லயத்தில் இருக்கிறாள். முதலாளி கிள்ளானுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்தால் ஐந்து மணி தாண்டிவிடும்.

பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம். நான் மூளையைப் பயன்படுத்தினேன். குங்குமப்பூ சாப்பாடு இல்லை என்று நான் சொன்னால் கடைக்காரன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறான் என்பார்கள். வேறு ஒருவர், பெரிய மனிதர், சொல்ல வேண்டும். எங்கள் கடைக்கு அடுத்தது சீன மருந்துக்கடை. அதன் தவுக்கே, அதாவது முதலாளி, எங்களிடம் அடிக்கடி குங்குமப்பூ வாங்குவார், அவர் வைத்தியத்திலும் அது உண்டு. ஓடிப்போய், "தவுக்கே, இது சாப்பாடு இல்லே, மருந்துன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்," என்று கெஞ்சினேன். மத்தியான நேரம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சாட்சி சொல்வதென்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு லோரியில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்து கேட்டில் கூட்டம் கூடியிருந்தது. ஆரோக்கியம் அண்ணன் ஒரு பெஞ்சில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் ரோசம்மா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. கண்ணை மட்டும் எடுக்கவில்லை. மேசைக்குப் பின்னால் மலாய்க்கார இன்ஸ்பெக்டர். கண்ணாடி போட்டவர், பொறுமைசாலி, முன்னால் தடைசெய்த பொருள்களின் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தார். அரிசி, மாவு, சீனி, கருவாடு எல்லாம் இருந்தது. குங்குமப்பூ இல்லை. இல்லாததுதான் அவருடைய கஷ்டம்.

"துவான், அந்தக் கடையில வேலை செய்றவன் நான்தான்," என்று மலாயில் சொல்லிக்கொண்டு முன்னால் போனேன். துவான் என்றால் ஐயா. அதன் பிறகு அங்கே நடந்த பேச்செல்லாம் சந்தை மலாய்தான்.

"இது என்ன?" என்றார் டின்னைக் காட்டி. "மக்கான் கா, ஊபாட் கா?" சாப்பாடா, மருந்தா?

"சாப்பாடு இல்லை துவான்!" என்று நான் ஓங்கிச் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற மாத்தா ஆர்வமாக எட்டிப் பார்த்தார். "இது கொமா கொமா, துவான்! எங்கம்மா கல்யாணத்துக்கு நாசி மின்யாக், நெய்ச்சோறு ஆக்கும்போது போடுவாங்க. ரொம்ப ருசி," என்றார். உதவி செய்கிறோம் என்ற சந்தோஷம் அவர் முகத்தில்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "சோற்றில் போடுகிறார்களாம்."

நான் தவுக்கேயைப் பிடித்து முன்னால் தள்ளினேன். தவுக்கே தொப்பியைக் கழற்றினார். "சாப்பாடு இல்லை துவான். ஊபாட். நல்ல ஊபாட். அடிபட்டு ரத்தம் கட்டினால் இதுதான். உள்காயத்துக்கு முதல்தரம்."

காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டைவிட அதிகமாக வேண்டியது காயத்துக்கு மருந்து. பட்டியலின் அடுத்த பக்கமே மருந்துக்குத்தான். இன்ஸ்பெக்டர் பக்கத்தைத் திருப்பினார். மருந்துக்கடைத் தவுக்கேயைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, மீன் டின் கேஸாக இருந்ததைக் குண்டடிக் கேஸாக மாற்றிவிட்டேன்.

தவுக்கேக்கு வாய் திறந்தால் மூடத் தெரியாது. "ரத்தத்தை ஓட வைக்கும் துவான். அதனால் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு நாங்கள் கொடுக்கவே மாட்டோம். டாக் போலே. கூடவே கூடாது. கலைந்துவிடும் என்று பயம்."

"ஆனால் இந்த ஆள் கர்ப்பிணி மனைவிக்கு என்கிறாரே?" என்றார் இன்ஸ்பெக்டர். ஆரோக்கியம் அண்ணன் சொன்னதே பொய் என்கிற மாதிரி ஆகிவிட்டது. நான் தவுக்கேயின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அந்த நேரம் எனக்கு அவர் சொன்னதில் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கேஸ் கெட்டுவிட்டது.

என் கல்வி கேள்வியையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். "துவான், இது சாயமும்தான். அந்தக் காலத்து ராஜாக்கள் துணிக்குச் சாயம் போட்டார்கள். எங்கள் கோயிலில் சாமிக்குச் சந்தனத்தோடு அரைத்துப் பூசுவார்கள். உங்கள் பெரியவர்கள்கூட..."

"ஆமாம்," என்றார் இன்ஸ்பெக்டர். முகம் கொஞ்சம் இளகியது. "என் தாத்தா இதைக் கரைத்து மையாக்கி, வெள்ளைப் பீங்கானில் குர்ஆன் வசனம் ஓதி எழுதுவார். அதைக் கழுவிக் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பார்." பிழைத்தோம் என்று நான் மூச்சு விட்டேன். அவர் பட்டியலைப் பார்த்தார். "மை, காகிதம் இரண்டும் இதில் இருக்கிறது. காட்டில் நோட்டீஸ் அச்சடிப்பார்கள் என்று." அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சோறு, மருந்து, மை. குங்குமப்பூவின் பெருமையை நான் சொல்லச் சொல்ல ஆரோக்கியம் அண்ணன் சிறைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். மணி நாலே முக்கால். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கு விளங்காதது ஒன்றுதான். டின்னுக்கு ஓட்டை போட வேண்டும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் நீ கேட்டு வாங்கவில்லை என்று ரெண்டு மணி நேரமாகக் கேட்கிறேன். இந்த ஆள் 'என் தப்புதான் துவான்' என்பதைத் தவிர வேறு வாய் திறக்கவில்லை," என்றார்.

நான் திரும்பி ஆரோக்கியம் அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பது போல. கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். அவர் சொல்லவில்லை. சரியாகப் பழகக்கூட இல்லாத ஒரு கடைக்காரப் பையன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, பத்து வருடம் கழித்துப் பிள்ளை பிறக்கப்போகிற மனிதர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது வந்த வெட்கம் இருக்கிறதே, அதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

"துவான், சாப்பாடோ மருந்தோ, அதை விடுங்கள்," என்றேன். "இவர் ஓட்டை போடச் சொல்லி ரெண்டு தடவை கேட்டார். வேண்டியதில்லை என்று நான் சிரித்தேன். டின்னைக் குத்துவது விற்கிறவன் வேலை. குத்தாதவன் நான். ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவனும் நான்தான்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இதை வந்ததும் சொல்லியிருக்கலாமே. எதற்கு ராஜா துணியெல்லாம்?" என்றார்.

என் பெயர், கடையின் பெயர் இரண்டையும் எழுதிக்கொண்டார். கடைக்கு எச்சரிக்கை. நான் ஒரு மாதம் வாரா வாரம் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். பிறகு டின்னை என் பக்கம் தள்ளினார். "இப்போது குத்து. என் கண் முன்னால்."

மாத்தா எங்கிருந்தோ ஓர் ஆணியைக் கொண்டுவந்தார். மேசை மேல் டின்னை வைத்துக் கல்லால் தட்டினேன். ஒரே தட்டு, எனக்குத்தான் பழக்கமாயிற்றே. வாசனை மேசையைச் சுற்றிக் கிளம்பியது. மாத்தா கண்ணை மூடிக்கொண்டு நாசி மின்யாக் சாப்பிட்டார். எனக்கோ கணக்குத்தான் ஓடியது. லயத்துச் சனங்கள் அத்தனை பேரும் சேர்ந்து வாங்கியது, மழைக்காலத்தில் எத்தனை நாள் தாங்கும்?

கேட்டைத் திறந்துவிட்டார்கள். ரோசம்மா அக்கா வந்தார். புருஷனை ஏற இறங்க ஒரு பார்வை, முழுசாக இருக்கிறாரா என்று. பிறகு டின்னை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்தில் இருந்த பால் கொட்டகைக்குப் போனார். மரத்தில் எடுத்த பாலை எடை போட்டு ஊற்றும் இடம் அது. பீப்பாய் விளிம்பில் வழிந்திருந்த ரப்பர் பாலை ஒரு விரலால் வழித்து, டின்னின் ஓட்டை மேல் தடவி, வாயால் ஊதினார். இன்னொரு தடவல், இன்னொரு ஊதல். காற்றுப் புகாமல் கெட்டியாக அடைந்துவிட்டது. ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு நின்றவன் நான். சுற்றிலும் பால்மரம் நிற்கிற ஊரில் எனக்கு அது தோன்றவே இல்லை.

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம். அவர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். "நான் ஓட்டையைப் பார்த்தேன். அது போதும்," என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

முதலாளியிடம் மறுநாள் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்கதானே மொதலாளி சாப்பாடு இல்லேன்னு சொன்னீங்க?"

"சாப்பாடு இல்லேன்னு சொன்னேன்டா. கவர்மென்ட்டக் கேட்டுட்டேன்னு சொன்னேனா?" என்றார். எதற்குச் சட்டம் போட்டார்கள், கையில் இருப்பது என்ன, எதிரே நிற்பவர் என்ன கேட்கிறார், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காதவனுக்கு ஆணி இருந்தாலும் ஆபத்து, இல்லாவிட்டாலும் ஆபத்து. இதைத்தான் நான் பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஐந்து மாதம்.

ஐந்து மாதம் கழித்து ஆரோக்கியம் அண்ணனும் ரோசம்மா அக்காவும் கடைக்கு வந்தார்கள். அக்கா கையில் பெண் குழந்தை. நான் எட்டிப் பார்த்தேன். நல்ல கறுப்பு. அப்பாவை உரித்து வைத்திருந்தது. குரலில் மட்டும் அப்பாவைக் கொள்ளவில்லை, கடையே அதிர்ந்தது. தங்கமாட்டம் வரும் என்று வாக்குக் கொடுத்தவன் நான். பாலின் சூடு சரியில்லை, இழை கூடிப்போச்சு, குறைஞ்சு போச்சு என்று பதில்களை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். நிறம் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா முந்தானையிலிருந்து அந்த டின்னை எடுத்து மேசை மேல் வைத்தார். ரப்பர் பால் கறுத்துப்போய், ஓட்டையின் மேல் ஒரு மச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியின் முத்திரைகூடப் பிரியவில்லை.

"அக்கா, இதைத் திறக்கவே இல்லையா?"

"இல்ல தம்பி."

"ஏன்க்கா? அத்தன பாடுபட்டு..."

"அன்னிக்கு அந்தச் சீனர் சொன்னாரே தம்பி, வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஆவாதுன்னு. நெசமோ பொய்யோ எனக்குத் தெரியாது. பத்து வருசம் காத்துக்கிட்டு இருந்தேன். தெரியாத ஒண்ணை எப்படி வாயில போடுவேன்?" குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "லயத்துல வாங்கிக் குடுத்தவங்க மனசு நோவக் கூடாதுன்னு தெனம் பாலை மட்டும் குடிச்சேன். இது அப்படியே இருக்கு. வேற யாருக்காச்சும் ஆவும், எடுத்துக்க. புள்ளைக்குப் பால் டின் குடுத்தாப் போதும்."

அந்த கேட்டில் நானும் நின்றேன். தவுக்கே சொன்னது என் காதிலும் விழுந்தது. சரக்கு எங்கே விளைகிறது, எப்படிப் பறிக்கிறார்கள், எந்த ராஜா எந்தத் துணிக்குப் போட்டான் என்று அத்தனையும் தெரிந்தவன் நான். அவரை அழைத்துக்கொண்டு போனவனே நான்தான். ஆனால் அது கேஸுக்கு நல்லதா கெட்டதா என்று மட்டும்தான் கேட்டேன். இன்ஸ்பெக்டர் டின்னைப் பார்த்தார், நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். குழந்தையை நினைத்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கேட்டது அங்கே ஒரே ஒருத்திதான்.

உள்ளேயிருந்து வந்த முதலாளி டின்னை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "ஓட்டை போட்ட டின்ன நம்ம கடையில திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லியேம்மா," என்று முகத்தைச் சுளித்தார். அவர் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். "ஆனா ஓட்டை போட்டது நம்ம ஓட்டைதானே. டேய், நாலு பால் டின் எடுத்து வை."

நாலு டின்னையும் கட்டையில் வைத்து, அக்கா கண் முன்னால் குத்தினேன். "நல்லாக் குத்து தம்பி, வீட்ல போயி அடைச்சுக்கிறேன்," என்று அக்கா சிரித்தார். குழந்தை என்னைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது.

ஆகவே தங்கச்சி, உன்னிடம் குங்குமப்பூ கேட்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தால், அலமாரிச் சாவியை எடுப்பதற்கு முன் அவள் முகத்தைப் பார். நிறம் வராது என்று சொல், சொன்னால் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம். கிளினிக் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாயா என்று கேள். வாங்காமல் போனால் போகட்டும். நாற்பது வருடத்தில் எத்தனையோ டின் குங்குமப்பூ விற்றிருக்கிறேன். அதில் நல்ல வியாபாரம் என்று எனக்குத் தோன்றுவது, திரும்பி வந்த அந்த ஒரு டின்தான்.